வெறுங்கூடு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் பசைக்கு எப்போதும் பயம். உன் வேலை என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு உள்ளுக்குள் உதறும். தெரியாமல் இல்லை. தெரிந்ததைச் சொல்லப் போய், ஒரு வார்த்தை முன்னே பின்னே விழுந்து, கேட்டவர்கள் அதை வேறாக எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? அதனால் கேட்கிறபோதெல்லாம் முழுங்கி முழுங்கிப் பேசுவாள். முழுங்கிப் பேசுகிறவளை யார் நம்புவார்கள்?

முன்பொரு காலத்தில், தென்காசிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டு அடுக்களைப் பலகையில் ஒரு முறுக்கு டப்பா இருந்தது. முறுக்கு தீர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது. இப்போது அதில் மருந்துகள் குடியிருந்தன. மூடி தொலைந்து போனதால் அடுக்களையில் நடப்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும், பேசுவதெல்லாம் கேட்கும்.

டப்பாவுக்குள் ஒரு தைலப் புட்டி, ஒரு பட்டை காய்ச்சல் மாத்திரை, பிறகு பத்து அறை கொண்ட ஒரு பிரஷர் மாத்திரைப் பட்டை. அந்தப் பத்து அறையிலும் பத்து மாத்திரை, ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் ஒரு குடித்தனம். பெண்டாட்டியின் பெயர் பசை. புருஷன் பெயர் காரம். காரம்தான் மருந்து. பசை மருந்து இல்லை. மரத்துச் சக்கையிலிருந்து எடுத்த வெறும் வெள்ளைத் தூள். தொழிற்சாலையில் ஒரு மிஷின் இரண்டு பேரையும் ஒரே குழியில் போட்டு ஓங்கி ஓர் அழுத்து அழுத்தியது. அதுதான் அவர்களுக்குக் கல்யாணம்.

நம்முடைய பசை பத்தாவது அறைக்காரி.

அவளுக்கு அவளுடைய வேலையைச் சொன்னது ஒரு காகிதம். தொழிற்சாலையிலிருந்து வருகிற வழியில், அட்டைப்பெட்டிக்குள் மடித்துக் கிடந்த பொடி எழுத்துக் காகிதம். ஒரே ஒரு தடவைதான் சொன்னது. மருந்துக்கடையில் பட்டையை மட்டும் உருவிக் கொடுத்தார்கள். காகிதம் பெட்டியோடு அங்கேயே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு சந்தேகம் கேட்க ஆள் இல்லை.

காய்ச்சல் மாத்திரைக்கு வாய்த்துடுக்கு அதிகம். ஒருநாள் அவன்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, நானெல்லாம் தண்ணியக் கண்டா பொத்துனு உடைஞ்சிருவேன். அரைமணி நேரத்துல காய்ச்சல் எறங்கிரும். நீங்க என்ன செய்வீங்க?"

"நானா? நான் ஊதுவேன்" என்றாள் பசை.

டப்பா முழுக்கச் சிரிப்பு.

"பலூனா அக்கா?"

"அப்படி இல்ல. தண்ணி பட்டா என் மேல்தோல் குழைஞ்சு கூழாகும். அந்தக் கூழு வழியாத்தான் இவர் வெளிய போகணும். ஒரே ஓட்டமா ஓட முடியாது. ஊர்ந்து ஊர்ந்துதான் போக முடியும். மேல இருக்குற கூழு தேஞ்சு போகப் போக, உள்ள இருக்குற தோல் குழையும். அதுவும் தேயும். அப்புறம் அதுக்கும் உள்ள இருக்குறது. இப்படியே மறுநாள் விடியுற வரைக்கும்..."

"அப்ப அவரைப் போகவிடாமத் தடுக்கிறதுதான் உங்க வேலை."

"தடுக்கிறது இல்ல. அது வந்து..."

அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"புருஷனைப் பிடிச்சு வச்சுக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்றது தைலப் புட்டி. "நான் எத்தனை பேர் தலைவலியப் பாத்திருக்கேன்."

"நல்லாக் கேளுங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தான் காரம். "இவ இல்லேன்னா நான் அஞ்சு நிமிஷத்துல என் வேலைய முடிச்சிட்டுப் போயிருவேன். இவளைக் கட்டிக்கிட்டு இந்தக் கூட்டுக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடக்கேன்."

 பசைக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: காரம் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் வேகம் அவனுக்கே தெரியாது.

அந்த வீட்டுக்காரி உலகம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்றவள். எதற்கெடுத்தாலும் பதறுகிற சுபாவம். அவள் புருஷன் சொரிமுத்து பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷர் அவருக்குத்தான். முழங்கால் மடங்காது என்பதால் பின்கட்டில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கக்கூஸுக்கென்று கிடந்தது. அதன் சட்டியை எடுத்துக் கொட்டுவது உலகம்மாள்.

காலையில் இட்லி சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. முதல் ஆறு அறைக்காரர்களும் முழுசாக, ஒரு மடக்குத் தண்ணீரோடு போனார்கள். தலைசுற்றல் இல்லை. மயக்கம் இல்லை. சொரிமுத்து பேப்பர் படித்தார், பக்கத்துவீட்டு ஆட்டை விரட்டினார், குழம்பில் உப்பு இல்லை என்று கத்தினார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது. ஒழுங்காக நடக்கிறபோது அதை யார் செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஏழாம் நாள் காலை உலகம்மாள் பின்கட்டிலிருந்து முகம் வெளுத்துப் போய் உள்ளே வந்தாள். சொரிமுத்துவின் தங்கை பிரமு அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். வந்தால் சும்மா இருக்கமாட்டாள்.

"பிரமு, ஒரு அநியாயத்தைக் கேளு. உங்க அண்ணன் முழுங்குன மாத்திரை அப்படியே முழுசா வெளிய வந்து கிடக்கு."

"முழுசாவா?"

"முழுசா. கொஞ்சம் ஊதிப்போயி, வெள்ளையா, வழவழன்னு. ஆறு நாளா இந்தச் சனியன் ஒரு வேலையும் செய்யல பிரமு. உள்ள போயி சும்மா சுத்திட்டு வந்திருக்கு. தூன்னு துப்பி, தண்ணிய ஊத்தித் தள்ளிட்டு வந்தேன்."

பலகையில் இருந்த பசைக்கு உடம்பெல்லாம் கூசியது. அது ஆறாவது அறைக்காரி. வந்தது மாத்திரை இல்லை, அவளுடைய கூடு. இருபத்துநாலு மணி நேரம் தேய்ந்து தேய்ந்து, காரத்தைக் கடைசித் துளி வரைக்கும் பக்குவமாக அனுப்பிவிட்டு, மிஞ்சிய சக்கையோடு வெளியே வந்திருக்கிறாள். வேலையை முடித்துவிட்டு வந்தவளைத்தான் உலகம்மாள் துப்பியிருக்கிறாள்.

"டாக்டர்ட்ட சொல்லுங்க மதினி."

"என்னன்னு சொல்ல? பீயில மாத்திரையப் பாத்தேன்னா? அவர் இங்கிலீஷ்ல என்னமும் கேப்பாரு. நான் ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லுவேன். அவ்வளவு பேருக்கு முன்னால ஏசுவாரு."

"அப்ப ஒண்ணு செய்யுங்க. எங்க வீட்ல எந்த மாத்திரையையும் முழுசாக் குடுக்கிறதே இல்ல. பிள்ளைக்குக் குடுக்கிற மாதிரி இடிச்சு, தேன்ல குழைச்சு, நாக்குல தடவிருவோம். எங்க மாமனார் தொண்ணூறு வயசு இருந்தாரே! உங்க கிட்டதான் இஞ்சி தட்டுற உரல் இருக்கே."

அடுப்புத் திண்டில் ஒரு சின்னக் கல்லுரல் இருந்தது. கைக்கு அடக்கமான குழவி ஒன்று அதன் மேல் சாய்ந்திருந்தது. அன்றைக்கு ஏழாவது அறையைப் பிதுக்கினாள் உலகம்மாள். மாத்திரை உரலில் விழுந்த சத்தம் கேட்டது. டொக். பிறகு மூன்று அடி. அவ்வளவுதான். மறுநாள் விடிகிற வரைக்கும் காக்க வேண்டிய கதவு மூன்று அடியில் தூளானது.

அன்று பத்து மணிக்குச் சொரிமுத்து நாற்காலியிலேயே சரிந்தார். கண் செருகியது. சாயங்காலம் வரை தூங்கினார். பொழுது இறங்கியதும் எழுந்து தலை பிளக்கிறது என்றார்.

"பாத்தியா, இன்னைக்குத்தான் மருந்து பிடிச்சிருக்கு. எப்படித் தூங்குதாரு!" என்றாள் உலகம்மாள்.

எட்டாவது நாளும் இடி. எழுந்து நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, வீடு சுத்துது" என்றார். எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி எறிந்தாள் உலகம்மாள்.

ஒன்பதாவது நாள் தூள் காற்றில் பறந்து அவர் தொண்டையில் ஏறியது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர் வந்தது. மிச்சத்தைத் தேனோடு நக்க வைத்தாள். அரைமணி நேரம் கழித்துப் பின்கட்டு நிலைப்படியில் ஒரு சத்தம். உலகம்மாள் ஓடினாள். "ஐயோ, ஐயோ" என்ற குரல் மட்டும்தான் டப்பாவுக்குக் கேட்டது.

நெற்றி பிளந்துவிட்டது. காப்பித்தூளை அப்பிப் பார்த்தார்கள். ரத்தம் விட்டு விட்டுக் கசிந்தது. மாலையில் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனார்கள். ஏழு தையல்.

திரும்பி வந்த பிறகு உலகம்மாள் அடுக்களையில் உட்கார்ந்து பிரமுவிடம் சொல்லிக்கொண்டிருந்ததைப் பசை கேட்டாள்.

"பிரஷர் பாத்தாரு. ரொம்ப ஏறிக் கிடக்காம். ஏறித்தான் விழுந்திருக்காருன்னு சொல்லுதாரு. மாத்திரை ஒழுங்காக் குடுக்கீங்களான்னு கேட்டாரு. குடுக்கேன் சார்னேன்."

"இடிச்சுக் குடுக்கிறதைச் சொன்னீங்களா மதினி?"

"அவர் கேக்கல. நானும் சொல்லல. சொல்லப் போயி தப்பாகிருச்சுன்னா என்ன செய்ய?" உலகம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஒண்ணு பத்தலையாம். நாளையிலேருந்து ரெண்டாக் குடுக்கணுமாம். புதுப்பட்டையும் வாங்கியாந்துட்டேன்."

பசைக்கு ஒன்றும் ஓடவில்லை.

ஏறியிருந்தது மாலை நேரத்துப் பிரஷர். காலையில் இடித்த காரம் ஒரே ஓட்டமாக ஓடி, மனுஷனைக் கீழே தள்ளிவிட்டு, மதியத்துக்குள் தீர்ந்துபோய்விட்டது. அதற்குப் பிறகு காவல் இல்லாத வீட்டில் பிரஷர் தன் இஷ்டத்துக்கு ஏறியிருக்கிறது. டாக்டர் பார்த்தது அதை. இது பசைக்குத் தெரிந்தது. ஆனால் யாரிடம் சொல்ல? எப்படிச் சொல்ல?

விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் குழவியைக் கூப்பிட்டாள்.

"ஐயா, நாளைக்கு எங்களை இடிக்காதீங்க."

"நான் என்னம்மா செய்ய?" என்றது குழவி. கெட்ட குணம் இல்லை அதற்கு. "இஞ்சி வந்தாலும் ஒரே அடி, ஏலக்கா வந்தாலும் ஒரே அடி. கை தூக்கும், போடும். கீழ கிடக்குறது யாருன்னு பாக்குறதுக்கு எனக்குக் கண்ணா இருக்கு?"

காரம் மட்டும் சந்தோஷமாக இருந்தான்.

"ஏட்டி, நாளைக்கு என் கல்யாண ஊர்வலம். புதுப்பட்டைக்காரனும் நானும் சேந்து போறோம். மூணே அடி. உன் கூழும் வேண்டாம், உன் ஊர்ந்து போறதும் வேண்டாம்."

"இங்க பாருங்க" என்றாள் பசை. "ஏழாவது வீட்டுக்காரர் ஓடினப்போ அந்த மனுஷன் கண்ணு செருகுச்சு. ஒன்பதாவது வீட்டுக்காரர் ஓடினப்போ மண்டை உடைஞ்சுது. நாளைக்கு நீங்க ரெண்டு பேரு. ரெண்டு நாள் மருந்து, ஒரு நிமிஷத்துல. அவர் எழுந்திரிக்கமாட்டார்."

காரம் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. 

"என்னைக் குத்தம் சொல்லாத" என்றான் கடைசியில். "கதவு உடைஞ்சா ஓடத்தான் எனக்குத் தெரியும். நிக்கச் சொல்லி எவனும் எனக்குச் சொல்லித் தரல."

"தெரியும். அதுக்குத்தான் என்னைக் கட்டி வச்சாங்க."

விடிந்தது. அந்த ஊரில் குழாய்த் தண்ணீர் ஆறு நாளுக்கு ஒருமுறைதான் வரும். அன்றைக்கு முறைநாள். "தண்ணி வந்துருச்சு!" என்று தெருவில் ஒரு கூச்சல் கேட்டதும் உலகம்மாள் குடங்களைத் தேடி ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில் மாத்திரை ஞாபகம் வந்தது. பத்தாவது அறையைப் பிதுக்கினாள். புதுப்பட்டையின் முதல் அறையையும் பிதுக்கினாள். இரண்டும் உரலுக்குள் உருண்டன. குழவியை எடுத்தவள் நேற்று தூள் பறந்து அவர் இருமியதை நினைத்துக்கொண்டாள். எடுத்த குழவியைக் கீழே வைத்தாள். பானையிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீரை மொண்டு உரலுக்குள் ஊற்றினாள்.

"வர்றதுக்குள்ள ஊறிக் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தண்ணீர் வந்து பசையைத் தொட்டது.

எத்தனை நாள் காத்திருந்த தண்ணீர்! ஆனால் அவள் காத்திருந்தது அந்த மனுஷனுடைய வயிற்றுத் தண்ணீருக்கு. இது பானைத் தண்ணீர். இங்கே ஊதிவிட்டால் அங்கே போய் ஊத ஒன்றும் மிஞ்சாது. அவளால் ஒரே ஒரு தடவைதான் ஊத முடியும்.

"ஏட்டி, இங்கயா?" என்றான் காரம். அவன் குரலில் முதல்முறையாகப் பயம் இருந்தது. "இங்க ஊதினா நம்ம ரெண்டு பேருக்கும் இதோட முடிஞ்சுது. நம்மளால ஒரு மனுஷனுக்கும் ஒரு பிரயோஜனமும் இருக்காது. குப்பையில கொட்டுவாங்க."

"கொட்டட்டும். இடிக்க முடியாமப் போனாப் போதும்."

பக்கத்தில் கிடந்த புதுப்பட்டைக்காரி நடுங்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, தண்ணி! இன்னும் உள்ள போகவே இல்லையே? நான் என்ன செய்ய?"

"என்னையப் பிடிச்சுக்கிட்டு நீயும் ஊது" என்றாள் பசை.

ஊதினாள். முதலில் மேல்தோல் சிலிர்த்துக் குழைந்தது. தண்ணீர் அதைத் தாண்டி உள்ளே வந்தது. வந்த தண்ணீரைப் போகவிடாமல் தன் இழை ஒவ்வொன்றிலும் கட்டிக்கொண்டாள். இழை நீண்டது, இழையோடு இழை சிக்கியது. இரண்டு பேரும் உரல் குழிக்குள் ஒரே கூழாகப் பின்னிக்கொண்டார்கள். நடுவில் இரண்டு காரமும் ஒடுங்கிக் கிடந்தார்கள். வலித்ததா என்றால், வலித்தது. வெளியோரம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்க்கொண்டிருந்தது. தன் உடம்பு தன்னைவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காரமும் கொஞ்சம் கசிந்தான். முழுக்கத் தடுக்க அவளால் முடியாது. அவள் வேலையும் அது இல்லை.

குழாயடியில் அன்றைக்குச் சண்டை. யார் குடம் முன்னால் என்று. உலகம்மாள் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஈரக்கையோடு குழவியை எடுத்து ஓங்கிப் போட்டாள். குழவி வழுக்கி உரல் விளிம்பில் இடித்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் வழுக்கியது. மூன்றாவது அடி கூழில் புதைந்தது. தூக்கினால் வெண்டைக்காய் மாதிரி நூல்நூலாய் இழுபட்டுக்கொண்டு எல்லாமே குழவியோடு எழுந்து வந்தது.

"சீ, இது என்ன கண்றாவி!"

"பிடிச்சுக்கிட்டா விடமாட்டாபோல" என்று முனகியது குழவி. அது இஞ்சியிடம் இப்படி அகப்பட்டதே இல்லை.

உலகம்மாள் அந்தக் கூழை வழித்து ஒரு டம்ளரில் போட்டாள். தேனை விட்டுக் கிண்டினாள். கிண்டவே முடியவில்லை. அப்படியே கொண்டுபோய்ப் புருஷனிடம் நீட்டினாள். தலையில் கட்டோடு படுத்திருந்த சொரிமுத்து டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, யாருக்குச் சளி பிடிச்சிருக்கு? இதையா என்னையக் குடிக்கச் சொல்லுத?"

"மாத்திரைதாங்க. ஊறிப்போச்சு."

"மாத்திரையா? முப்பது வருஷம் கிரீஸுக்குள்ள கிடந்தவன் நான். கிரீஸ்கூட இப்படி வழவழன்னு இருக்காது. எவனோ போலி மாத்திரைய உன் தலையில கட்டிட்டான். போ, கடையில கொண்டுபோயிக் கேளு."

"நான் போயி என்னன்னு கேக்க?"

"வாயில்லன்னா டம்ளரையாவது காட்டு. நான் இதைத் தொடமாட்டேன்."

அப்படியாகப் பசை அந்த வீட்டை விட்டு முதல்முறையாக வெளியே போனாள். டம்ளரின் வாயை உலகம்மாள் முந்தானையால் மூடியிருந்தாள்.

மருந்துக்கடையில் சபூரா என்றொரு பெண் இருந்தாள். மருந்துக்குப் படித்தவள். உலகம்மாள் சண்டை போடத்தான் போனாள். ஆனால் கண்ணாடி மேஜைக்கு முன்னால் நின்றதும் தைரியம் போய்விட்டது.

"தப்பாச் சொல்லிருவேன்னு பயமா இருக்கும்மா. நீயே பாத்துக்கோ" என்று டம்ளரை வைத்தாள்.

சபூரா பார்த்தாள். ஒரு குச்சியால் தொட்டுத் தூக்கினாள். நூல் இழுபட்டது. அவள் முகம் மாறியது.

"இது மெதுவாக் கரையுற மாத்திரை இல்லையா? இதை எதுக்கு ஊற வச்சீங்க? இடிச்சீங்களா?"

உலகம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அம்மா, சொல்லுங்க. எத்தனை நாளா இடிச்சுக் குடுக்கீங்க?"

"மூணு நாளா."

"யா அல்லாஹ்! அவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"விழுந்துட்டாரு. ஏழு தையல். இன்னைக்கு ரெண்டாக் குடுக்கச் சொன்னாங்க. ரெண்டும் இதுலதான் இருக்கு."

சபூரா கல்லாப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். 

"இந்தக் கூழுதாம்மா மாத்திரைக்குக் காவல். முழுசா முழுங்கினா இது வயித்துல ஊதி, மருந்தை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா விடும். இடிச்சா மொத்தமும் ஒண்ணாப் போயிரும். இன்னைக்கு மட்டும் இந்த ரெண்டையும் ஊற வைக்காம இடிச்சுக் குடுத்திருந்தீங்கன்னா..."



"முழுசா வெளிய வந்துச்சேம்மா" என்றாள் உலகம்மாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "என் கண்ணால பாத்தேன். ஒரு வேலையும் செய்யாம வந்துச்சேன்னுதான்..."

"அது மாத்திரை இல்ல. கூடு. உள்ள இருந்த மருந்தை எல்லாம் குடுத்து முடிச்சுட்டு வர்ற வெறுங்கூடு. அது வந்தா வேலை ஒழுங்கா முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம்."

உலகம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். துப்பியதை நினைத்திருப்பாள். அல்லது வேறு எதையாவது. முப்பத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் அவளும் சத்தமில்லாமல்தான் தேய்ந்துகொண்டிருந்தாள். நாள் பூரா வீட்டில் என்ன செய்தாய் என்று அவளையும் கேட்டிருக்கிறார்கள்.

"டாக்டர்ட்ட இப்பவே போயிச் சொல்லிருங்க" என்றாள் சபூரா. "வார்த்தை வரலேன்னா டம்ளரைக் காட்டுங்க."

டாக்டர் மேஜையிலும் டம்ளரை வைத்தாள். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் அங்கே போனதும் உதிர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது.

"இடிச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். டம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலாம் போலிருந்தது உலகம்மாளுக்கு. சொரிமுத்துவை மறுபடியும் கூட்டி வரச் சொன்னார், பார்த்தார், சீட்டில் இரண்டை அடித்து ஒன்று என்று எழுதினார். "முழுசா" என்று தமிழில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

சொரிமுத்து பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய சொரிமுத்து இல்லை. ஆட்டை விரட்டுவதை விட்டுவிட்டார். நிலைப்படிக்கு வந்தால் நின்றுவிடுவார். சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, வாறியா?" என்று சின்னக் குரலில் கூப்பிடுவார்.

உரலையும் குழவியையும் உலகம்மாள் பரண்மேல் கவிழ்த்துப் போட்டாள். டம்ளரை மட்டும் கழுவ அவளுக்குக் கை வரவில்லை. மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில் அப்படியே வைத்துவிட்டாள். டம்ளருக்குள் கூழ் காய ஆரம்பித்தது.

"நம்மளால என்ன ஆச்சு?" என்று கேட்டான் காரம். அவன் குரலில் பழைய வேகம் இல்லை. "ஒரு மனுஷன் ரத்தத்துக்குள்ள போயி ஒரு நாள் ஓடியிருப்பேன். அதுவும் இல்ல."

"அவர் உயிரோட இருக்காரு" என்றாள் பசை.

"அது நம்மளாலன்னு யாருக்குத் தெரியும்?"

நாலு நாள் கழித்துப் பிரமு வந்தாள். அடுக்களைக்குள் நுழைந்ததும் திண்டைப் பார்த்தாள்.

"உரலை எங்க மதினி?"

"பரண்ல கிடக்கு. இஞ்சியை இனி அம்மியில தட்டிக்கலாம்."

"அன்னைக்கு மாத்திரையக் கையில எடுத்துக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினீங்களாமே, அண்ணன் சொன்னாரு. என்ன விஷயம்?"

 சொன்னால் தெருவெல்லாம் தெரியும். இடித்துக் கொடுத்து மண்டையை உடைத்தவள் என்பார்கள். இடிக்கச் சொன்னது பிரமு என்பதை ஒருவரும் நினைக்கமாட்டார்கள். பிரமுவும் நினைக்கமாட்டாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள் உலகம்மாள். "ரெண்டு மாத்திரை ஊறி வீணாப் போச்சு."

டம்ளருக்குள் இருந்த பசை அதைக் கேட்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. பாவம், உலகம்மாளுக்கும் அதே பயம்தான்.

பிரமு போன பிறகு காய்ச்சல் மாத்திரை டப்பாவின் விளிம்புக்கு வந்தான். இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை.

"அக்கா, வீணாப் போச்சுன்னு சொல்லுதாங்களே. உண்மையில என்னதான் நடந்துச்சு? நீங்க என்னதான் செஞ்சீங்க? எங்களுக்காவது சொல்லுங்க."

சொல்லலாம்தான். 'தடுக்கிறது இல்ல, அது வந்து' என்று அன்றைக்குத் தொண்டையில் நின்றுபோன வார்த்தைகூட இப்போது அவளிடம் இருந்தது: காவல். ஆனால் சொல்லி, அது தப்பாகிவிட்டால்? பசை தன்னிடம் மிஞ்சியிருந்த கொஞ்சம் ஈரத்தையும் காற்றுக்குக் கொடுத்தாள். உள்ளே இன்னும் கிடந்த காரத்தைச் சுற்றிக் கண்ணாடிபோல் இறுகினாள். வாயை மூடிக்கொண்டாள்.